ஹொக்கி பார்க்க எத்தனை சந்தா?

கேள்வி:

நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். வந்த புதிதில் ஐஸ் ஹொக்கி எனக்கு விளங்கவே இல்லை. பிள்ளைகளோடு இருந்து பார்த்துப் பழகி, இப்போது ரொறன்ரோ லீஃப்ஸ் தோற்றால் எனக்குத்தான் முதலில் சோறு இறங்காது.

கேபிளுக்குக் காசு கட்டுகிறோம். ஸ்போர்ட்ஸ்நெட்டுக்கும் ரி.எஸ்.என்.னுக்கும் தனித்தனியாகக் காசு. அப்படியிருந்தும் சில திங்கட்கிழமைகளில் ஆட்டம் எதிலும் இல்லை. மகன் தேடிப் பார்த்துவிட்டு, "அப்பா, இன்றைக்கு அமேசனில்" என்கிறான். மகள் மொன்றியாலில் படிக்கிறாள். எங்கள் கணக்கிலேயே ரி.எஸ்.என். திறந்தால், உங்கள் பகுதியில் இந்த ஆட்டத்தைக் காட்ட முடியாது என்று எழுத்து வருகிறதாம். காசு கட்டினவனுக்கே கதவடைப்பா?

ஆட்டம் கிடைத்தாலும் நிம்மதி இல்லை. சுற்றுப் பலகைகளில் விளம்பரம் ஓடி ஓடி மாறுகிறது. பக் வட்டு எங்கே போனது என்று தேடுவதா, கார் விளம்பரம் பார்ப்பதா? இடைவேளை வந்தால் சூதாட்ட விளம்பரம். பன்னிரண்டு வயது மகன் "ஓட்ஸ் என்றால் என்ன?" என்று கேட்கிறான். இதற்கு மேல், தேசிய ஒளிபரப்பின் வர்ணனையாளர்கள் எல்லாரும் லீஃப்ஸுக்கு எதிரானவர்கள் என்பது எங்கள் வீட்டு முடிவு. கடைசியாக ஒன்று: பஞ்சாபியில் வர்ணனை வருகிறதே, தமிழில் ஏன் இல்லை? இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

பெயர் வேண்டாம், ஸ்காபரோ

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதிய குறைகளில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் நியாயமானவை. அந்த ஒன்றுக்குப் பிறகு வருகிறேன்.

என்.எச்.எல். லீக்கைப் பொறுத்தவரை வாடிக்கையாளர் நீங்கள் இல்லை, உரிமையை வாங்கிய ஒளிபரப்பு நிறுவனம். அந்த நிறுவனம் போட்ட காசை எடுத்தாக வேண்டும். முழு மீனாக ஏலத்தில் எடுத்தவர் சந்தையில் துண்டு போட்டு விற்பதுபோல, அது ஆட்டத்தைக் கிழமை வாரியாகவும் ஊர் வாரியாகவும் திரை வாரியாகவும் வெட்டி விற்கிறது. உங்கள் வீட்டுக் குழப்பத்தில் பெரும்பங்கு இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. வெட்டு எங்கே விழுகிறது என்று தெரிந்தால், எந்தத் துண்டை வாங்குவது, எதை விடுவது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

திங்கட்கிழமை ஆட்டம் எங்கே போனது?

ஒவ்வொரு கழகமும் பருவத்தில் எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடுகிறது. இவற்றுக்கு உரிமையாளர்கள் இரண்டு பேர். தேசிய ஆட்டங்கள் என்று ஒதுக்கப்பட்டவை லீக்கின் சொத்து. மீதி கழகத்தின் சொத்து. அவற்றைப் பிராந்திய ஆட்டங்கள் என்பார்கள். பருவத்தின் பின் நடக்கும் பிளேஓஃப் ஆட்டங்கள் கனடாவில் எல்லாமே தேசிய ஆட்டங்கள்.

தேசிய உரிமையை ரோஜர்ஸ் நிறுவனம் 2013 நவம்பரில் வாங்கியது. 2014-15 பருவத்திலிருந்து 12 ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 520 கோடி டொலர். அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 43 கோடிக்கு மேல். அதுவரை ஹொக்கி என்றால் சி.பி.சி. என்றுதான் இந்த நாட்டில் பொருள். 1952இல் தொலைக்காட்சிக்கு வந்த 'ஹொக்கி நைட் இன் கனடா' அவர்களுடைய சனிக்கிழமை. நிகழ்ச்சி அதற்குப் பிறகும் சி.பி.சி.யில் தொடர்ந்தது. ஆனால் 2014இலிருந்து அந்த நேரத்தில் ஓடும் விளம்பரங்களின் வருமானம் ரோஜர்ஸுக்கு. யார் வர்ணிப்பது, யார் மேசையில் இருப்பது என்ற முடிவும் அவர்களுடையதுதான்.

இவ்வளவு காசு கொடுத்தவர்களுக்குத் தொடக்கமே சரியாக அமையவில்லை. 2016 பிளேஓஃப் சுற்றுக்கு ஏழு கனேடியக் கழகங்களில் ஒன்றுகூடப் போகவில்லை. ரசிகர்கள் பழகிப்போன ரொன் மக்லீனை ஒதுக்கிவிட்டு ஜோர்ஜ் ஸ்ட்ரொம்புலோபுலோஸைத் தொகுப்பாளராகக் கொண்டுவந்தார்கள். பார்வையாளர் ஒப்பவில்லை, இரண்டு பருவங்களில் மக்லீன் திரும்பி வந்தார். பிறகு வாங்கிய உரிமையில் ஒரு பகுதியை மறுபடி விற்கத் தொடங்கினார்கள். 2024-25, 2025-26 பருவங்களின் திங்கள் இரவுத் தேசிய ஆட்டங்களை ஆங்கிலத்தில் காட்டும் உரிமை அப்படித்தான் அமேசன் பிரைமுக்குப் போனது. உங்கள் மகன் சொன்னது சரி.

ரி.எஸ்.என். எங்கிருந்து வந்தது? அது வேறு கதை. 2012இல் ரோஜர்ஸும் பெல்லும் கூட்டாக மேப்பிள் லீஃப்ஸின் தாய் நிறுவனத்தில் பெரும்பங்கை வாங்கின. சந்தையில் எதிரிகளான இரண்டு தொலைபேசிக் கம்பனிகள் ஒரே கழகத்துக்கு முதலாளிகள் ஆகின. லீஃப்ஸின் பிராந்திய ஆட்டங்களை ரோஜர்ஸின் ஸ்போர்ட்ஸ்நெட்டும் பெல்லின் ரி.எஸ்.என்.னும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. 2025 ஜூலையில் பெல்லின் பங்கை ரோஜர்ஸ் 470 கோடி டொலருக்கு வாங்கி முடித்தது. ஆனால் அந்தப் பேரத்திலேயே, லீஃப்ஸின் பிராந்திய ஆட்டங்களில் பாதி ரி.எஸ்.என்.னில் தொடரும் என்று எழுதிக்கொண்டார்கள். கழகம் கை மாறியும் உங்கள் சந்தா குறையாததற்குக் காரணம் அதுதான்.

விலை இனிக் குறையுமா என்றால், எதிர்பார்க்க வேண்டாம். 2026-27இலிருந்து அடுத்த 12 ஆண்டுகளுக்கான தேசிய உரிமையையும் ரோஜர்ஸே எடுத்திருக்கிறது. விலை 1,100 கோடி டொலர். முந்தையதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அந்தக் காசு சந்தாவிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும்தான் வர வேண்டும்.

மகளின் கறுப்புத் திரை

மகளுக்கு நடந்ததை இங்கே பிளாக்-அவுட் என்பார்கள். பிராந்திய ஆட்டத்துக்கு எல்லை உண்டு. மொன்றியால், கனேடியன்ஸ் கழகத்தின் ஊர். ஒட்டாவா செனட்டர்ஸுக்கும் அங்கே உரிமை உண்டு. லீஃப்ஸுக்கு அந்த எல்லைக்குள் இடமில்லை. நீங்கள் ஸ்காபரோவில் காசு கட்டினாலும், செயலி பார்ப்பது மகள் எந்த ஊரிலிருந்து திறக்கிறாள் என்பதைத்தான்.

இந்த எல்லைகள் வகுக்கப்பட்டது உள்ளூர்க் கழகத்தின் ரிக்கற் விற்பனையையும் உள்ளூர் அலைவரிசையையும் காப்பாற்ற. கேபிள் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. மொன்றியாலில் படிக்கும் ஒரு ரொறன்ரோப் பிள்ளை லீஃப்ஸ் ஆட்டத்தைப் பார்த்தால் கனேடியன்ஸுக்கு என்ன நட்டம் என்று இன்று கேட்டால், லீக்கிடம் நேரான பதில் இல்லை.

வழி ஒன்று உண்டு. ஸ்போர்ட்ஸ்நெட் பிளஸில் இரண்டு நிலைச் சந்தாக்கள் இருக்கின்றன. விலை கூடியதில், பார்ப்பவர் இருக்கும் பிராந்தியத்துக்கு வெளியேயுள்ள கழகங்களின் ஆட்டங்களும் கிடைக்கும். மொன்றியாலில் லீஃப்ஸ் வெளியூர்க் கழகம், ஸ்காபரோவில் உள்ளூர்க் கழகம். அதனால் உங்கள் வீட்டில் அந்த உயர்ந்த சந்தா லீஃப்ஸுக்காகத் தேவையில்லை. மகளுக்குத்தான் தேவை, உங்கள் ரி.எஸ்.என். கணக்கு அவளுக்கு உதவாது. இதைத் தலைகீழாக வாங்கினால் இரண்டு பக்கமும் இழப்புத்தான்.

தெற்கே பாருங்கள்

அமெரிக்க ரசிகர்கள் பட்ட பாட்டைக் கேட்டால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். 1996இல் ஃபொக்ஸ் தொலைக்காட்சி, பக் கண்ணில் படுவதில்லை என்று சொல்லி அதற்குள் மின்னணுக் கருவி வைத்தது. திரையில் பக்கைச் சுற்றி நீல ஒளி. வேகமாக அடித்தால் சிவப்பு வால். புதிதாகப் பார்ப்பவர்களில் சிலருக்குப் பிடித்தது, பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். 1998க்குப் பிறகு அது இல்லை. 2004-05 பருவம் முழுவதும் கழக உரிமையாளர்கள் வீரர்கள்மேல் போட்ட கதவடைப்பில் போனது. அதன்பின் ஈ.எஸ்.பி.என். விலகிக்கொள்ள, தேசியக் கேபிள் உரிமை போய்ச் சேர்ந்த இடம் வேட்டையும் மீன்பிடியும் காளைச் சவாரியும் காட்டிய ஓ.எல்.என். என்ற சிறிய அலைவரிசை.

எல்லாவற்றையும் விட மோசமானது 2007 மே 19. ஒட்டாவாவுக்கும் பஃபலோவுக்கும் கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டம். சமநிலையில் முடிந்து மேலதிக நேரத்துக்குப் போகிறது. அடுத்து விழும் ஒரு கோல் பஃபலோவின் பருவத்தையே முடித்துவிடலாம். அந்த நேரத்தில் என்.பி.சி. ஆட்டத்தை விட்டு விலகி, பிரீக்னஸ் குதிரைப் பந்தயத்துக்கு முந்தைய நிகழ்ச்சிக்கு மாறியது. பந்தயம்கூட இன்னும் தொடங்கவில்லை. ஹொக்கியை வேர்சஸ் என்ற கேபிள் அலைவரிசைக்குத் தள்ளினார்கள். அது இல்லாத பல வீடுகள், ஒட்டாவாவின் தலைவர் டானியல் அல்ஃப்ரெட்சன் அடித்த வெற்றிக் கோலைப் பார்க்கவில்லை. தேசியத் தொலைக்காட்சியில் ஹொக்கியின் இடம் எது என்று அந்த நாட்டு ரசிகனுக்கு அன்று தெரிந்தது.

ஆனால் மாற்றமும் அங்கிருந்துதான் வருகிறது. கேபிளை வெட்டுவோர் பெருகப் பெருக, பிராந்திய விளையாட்டு அலைவரிசைகள் காய்ந்துபோயின. பல கழகங்களின் ஆட்டங்களைக் காட்டிவந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. ஸ்டான்லி கிண்ணம் வென்ற அதே 2023இல் வேகஸ் கோல்டன் நைட்ஸ் தன் உள்ளூர் ஆட்டங்களை அன்ரெனாவில் இலவசமாக வரும் அலைவரிசைக்கு மாற்றியது. அடுத்த ஆண்டு ஃப்ளோரிடா பாந்தர்ஸும் அதே வழியில் போனது. டலஸ் ஸ்டார்ஸ் 2024இல் விக்ரறி பிளஸ் என்ற இலவசச் செயலியையே தொடங்கியது. கழகங்கள் தாராள மனது காட்டவில்லை. சந்தாச் சுவருக்குப் பின்னால் வளரும் பிள்ளை ரசிகனாக மாட்டான் என்ற பயம்தான் காரணம். கனடாவில் ரோஜர்ஸ் வைத்திருக்கும் பிடி இறுக்கமானது. அந்தப் பயம் இன்னும் இங்கே வந்து சேரவில்லை.

ஓடும் பலகையும் சூதாட்டமும்

நீங்கள் திரையில் பார்க்கும் பலகை விளம்பரம், அரங்கில் இருப்பவர் கண்ணில் இல்லை. 2022-23இலிருந்து லீக் முழுவதும் இந்த முறை. அரங்கில் உண்மையான பலகை இருக்கும். கணினி ஒவ்வொரு நொடியும் ஆளையும் மட்டையையும் பலகையையும் பிரித்தறிந்து, பலகையின் மேல் மட்டும் வேறு படத்தைப் போடுகிறது. ஒரே ஆட்டத்தை ரொறன்ரோவில் பார்ப்பவருக்கு ஒரு விளம்பரமும் பொஸ்டனில் பார்ப்பவருக்கு வேறொன்றும் விற்கலாம்.

அடுத்த ஆட்டத்தில் மூலையில் நடக்கும் தள்ளுமுள்ளை உற்றுப் பாருங்கள். பலகையை ஒட்டி இரண்டு பேர் பக்குக்காக மல்லுக்கட்டும்போது, சிலவேளை வீரரின் தோள் விளிம்பு கரைந்து விளம்பரத்துக்குள் போகும். மட்டையின் நுனி ஒரு கணம் காணாமல் போகும். ஹொக்கியில் ஆட்டத்தின் பாதி அந்தப் பலகையோரத்தில்தான் நடக்கிறது. கண் இயல்பாக அசைவைத் தேடும். மூன்று அங்குல அகலமுள்ள கறுப்பு றப்பர் வட்டு ஓடும்போது, பின்னால் முப்பது அடிக்கு ஒரு கார் ஓடினால் கண் எதைப் பிடிக்கும்? படம் அசையாமல் நின்றாலே குறை பாதி தீரும். ஆனால் ஓடவிடுகிறார்கள். இந்தக் குறையில் நான் முழுக்க உங்கள் பக்கம்.

ஆட்டத்தின் நடுவில் வரும் விளம்பர இடைவெளிக்கு மட்டும் ஓர் ஒழுங்கு உண்டு. இருபது நிமிடப் பகுதி ஒவ்வொன்றிலும் மூன்று. ஏறக்குறைய ஆறு, பத்து, பதினான்காம் நிமிடங்களுக்குப் பின் விசில் ஊதி ஆட்டம் நிற்கும் முதல் தடவை எடுப்பார்கள். கோல் விழுந்த கையோடும், ஒரு பக்கம் ஆள் குறைந்து ஆடும்போதும் பொதுவாக எடுப்பதில்லை. இதைத் தெரிந்து வைத்தால் தேநீர் போட நேரம் பார்க்கலாம்.

சூதாட்ட விளம்பரம் வேறு விஷயம், இதைச் சிரித்துவிட்டுப் போக முடியாது. ஒற்றை ஆட்டத்துக்குப் பந்தயம் கட்டுவதைக் கனடா 2021 ஓகஸ்டில் சட்டபூர்வமாக்கியது. ஒன்ராறியோ 2022 ஏப்ரலில் தனியார் இணையச் சூதாட்டக் கம்பனிகளுக்குச் சந்தையைத் திறந்தது. அன்றிலிருந்து ஹொக்கி ஒளிபரப்பில் அவர்கள் இல்லாத இடம் இல்லை. வெய்ன் கிரெட்ஸ்கியும் கொனர் மக்டேவிட்டும் விளம்பரத்தில் வந்தார்கள். பிள்ளைகள் சுவரில் படம் ஒட்டும் ஆட்கள் அவர்கள். 2024 பெப்ரவரி இறுதியில் ஒன்ராறியோ ஒழுங்குமுறை ஆணையம், பொறுப்புடன் விளையாடும்படி அறிவுறுத்துவதற்கன்றி வேறெதற்கும் வீரர்கள் அத்தகைய விளம்பரங்களில் தோன்றக் கூடாது என்ற தடையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முகங்கள் போயின, விளம்பரம் போகவில்லை. 'ஓட்ஸ்' என்று கேட்ட மகனுக்கு ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள்: கம்பனி எப்போதும் தனக்கு மிச்சம் வரும்படி போடும் கணக்கு அது. பன்னிரண்டு வயதுக்கு அது விளங்கும்.

வர்ணனையாளர் உண்மையில் எதிரியா?

நியாயமில்லை என்று நான் சொன்ன குறை இதுதான். வின்னிபெக்கிலும் வன்கூவரிலும் உள்ள ரசிகரைக் கேளுங்கள். தேசிய ஒளிபரப்பு முழுக்க லீஃப்ஸ் புராணம், எங்கள் கழகத்தைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை என்பார்கள். நீங்கள் எதிரி என்று சொல்லும் அதே ஆட்கள்தான் அவர்களுக்கு ரொறன்ரோவின் அடிமைகள். இரண்டு பேரும் ஒரே ஒளிபரப்பைத்தான் பார்க்கிறார்கள்.

இது புதிதும் அல்ல. 1951இல் பிரின்ஸ்டனும் டார்ட்மத்தும் ஆடிய முரட்டு அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் படச்சுருளை இரண்டு பல்கலைக்கழக மாணவருக்கும் ஆய்வாளர்கள் போட்டுக் காட்டினார்கள். ஆய்வு 1954இல் வெளிவந்தது. பிரின்ஸ்டன் மாணவர்கள், டார்ட்மத் அணி செய்த தவறுகளாக எண்ணியவை டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப்போல இரண்டு மடங்கு. படச்சுருள் ஒன்றுதான்.

உங்களை உறுத்துவது வேறொன்று என்று நினைக்கிறேன். பிராந்திய ஒளிபரப்பில் வருபவர் பருவம் முழுவதும் உங்கள் கழகத்தோடு பயணம் செய்கிறவர். மூன்றாம் வரிசை வீரனின் முழங்கால் காயம்கூட அவருக்குத் தெரியும். தேசிய வர்ணனையாளர் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகப் பேச வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த நட்சத்திரங்களையே சுற்றிச் சுற்றி வருவார். பாசம் குறைந்த அந்தப் பேச்சு பகைபோலக் கேட்கிறது. கழகத்துக்கு நெருக்கமான குரல் வேண்டுமென்றால் வானொலிக்குப் போங்கள். 1982இலிருந்து லீஃப்ஸை வர்ணித்த ஜோ போவனும் 2014இல் தொலைக்காட்சியை விட்டு வானொலிக்கு மட்டும் என்று போனவர்தான். தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு வானொலியைக் கேட்கும் வீடுகள் பல. இரண்டும் ஒரே நேரத்தில் வராது. முந்துவதைக் கொஞ்சம் நிறுத்திப் பிடித்தால் சேர்த்துக்கொள்ளலாம். 1967க்குப் பிறகு லீஃப்ஸுக்குக் கிண்ணம் வராததற்கும் வர்ணனையாளருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

தமிழில் எப்போது?

பஞ்சாபி வர்ணனை 2008இல் சி.பி.சி.யில் தொடங்கியது. இன்று ரோஜர்ஸின் ஒம்னி அலைவரிசையில் வருகிறது. அல்பர்ட்டாவில் பிறந்த ஹர்நாராயண் சிங் தொடக்கத்தில் கல்கரியிலிருந்து ரொறன்ரோவுக்கு வாராவாரம் பறந்து வந்து வர்ணித்தார். நடுவில் அனுசரணையாளர் இல்லை என்று நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். ரசிகர்கள் சத்தம் போட்டார்கள், அனுசரணை கிடைத்தது, நிகழ்ச்சி திரும்பியது. 2016 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் பிற்ஸ்பேர்க்கின் நிக் பொனீனோ வெற்றிக் கோல் அடித்தபோது அவர் பெயரைச் சிங் மூச்சு விடாமல் திரும்பத் திரும்பக் கூவியது உலகம் முழுவதும் பரவியது. கிண்ணம் வென்ற பிற்ஸ்பேர்க், தன் வெற்றி விழாவுக்கு அந்தப் பஞ்சாபிக் குழுவை அழைத்தது.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இவ்வளவு தமிழர் இருக்கிறோம் என்று எண்ணிக்கை சொன்னால் போதாது. ஒரு பருவத்துக்கு அனுசரணை தரும் நிறுவனமும், விதிகளைக் கரைத்துக் குடித்து இரண்டரை மணி நேரம் தமிழில் மூச்சுவிடாமல் பேசக்கூடிய இளைஞர் இருவரும் வேண்டும். நம் வியாபாரிகள் கலை விழாக்களுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பகுதியைக் கேட்டுப் பார்க்கலாம். வர்ணிக்கக்கூடிய பிள்ளைகள் உங்கள் வீட்டிலேயே இருக்கக் கூடும்.

என்ன செய்யலாம்?

முதலில் செலவு. பருவம் தொடங்குமுன் லீஃப்ஸின் அட்டவணையில் ஒவ்வொரு ஆட்டமும் எந்த அலைவரிசையில் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்த பிறகே சந்தா கட்டுங்கள். கோடையில் நிறுத்திவிடுங்கள். சி.பி.சி. காட்டும் சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கேபிளே தேவையில்லை. சி.என். கோபுரத்திலிருந்து வரும் சி.பி.சி. அலைவரிசையைச் சாதாரண அன்ரெனா 5.1இல் பிடிக்கும்.

அடுத்து முறைப்பாடு. கேபிள் கம்பனி பில்லிலோ ஒப்பந்தத்திலோ ஏமாற்றினால் சி.சி.ரி.எஸ். என்ற ஆணையம் இலவசமாக விசாரிக்கும். விளம்பரம் பற்றியது அட் ஸ்டான்டர்ட்ஸ் அமைப்புக்குப் போக வேண்டும். தனியார் அலைவரிசையில் பேசப்பட்டது பற்றியதென்றால் சி.பி.எஸ்.சி. எனப்படும் கனேடிய ஒளிபரப்புத் தர மன்றம்.

எழுதி என்ன பயன் என்று கேட்காதீர்கள். 2019 நவம்பரில் 'ஹொக்கி நைட்' விமர்சகர் டொன் செரி, குடிவந்தவர்கள் போர்வீரர் நினைவுக்கான பொப்பி மலர் அணிவதில்லை என்று ஒளிபரப்பில் பழித்தார். சி.பி.எஸ்.சி. கையாள முடியாத அளவுக்கு முறைப்பாடுகள் குவிந்தன. நாற்பது ஆண்டுகளாக அசைக்க முடியாதவர் என்று இருந்த மனிதரை ஸ்போர்ட்ஸ்நெட் இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பியது.

முறைப்பாட்டில் அலைவரிசை, நிகழ்ச்சி, திகதி, நேரம் நான்கும் இருக்கட்டும். ஒளிபரப்புப் பதிவுகளை நிலையங்கள் வைத்திருக்கக் கடமைப்பட்ட காலம் 28 நாட்கள்தான். அதற்குள் எழுதிவிடுங்கள்.